தாடைக்காரரின் காலரில் ஓர் ஊக்கு

ஜனவரி 9

என் அருமைப் பாயின்ட்டுக்கு,

கோணல் எழுதிக்கொள்வது. நான் நலமாக இல்லை. நீயாவது நலமாக இரு. இதைப் படித்து முடிக்க உனக்குத் தெம்பு வேண்டும்.

போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் குட்டி பாய்ந்து வந்து பிடுங்கி அணைத்துவிடுகிறாள். பத்து மாதக் குழந்தையின் விரல் அந்தச் சிவப்புப் பொத்தானில் மட்டும் எப்படித்தான் சரியாகப் போய் விழுகிறதோ. அதனால் ஹாஸ்டலை விட்ட நாளிலிருந்து செய்வதையே செய்கிறேன், எழுதுகிறேன்.

எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. எனக்கு! நூலகப் புத்தகத்தை ஒரு நாள் தாமதமாகத் திருப்பிக் கொடுத்தாலே மூன்று முறை மன்னிப்புக் கேட்கிறவளுக்கு!

தாடையை உனக்கு நினைவிருக்கும். ஊருக்கெல்லாம் அவர் பெரிய ஹீரோ, நமக்குத் தாடை. உன் அலமாரிக் கதவின் உள்பக்கம் நான்கு வருஷம் ஒட்டியிருந்த மனிதர். உன் தொல்லை தாங்காமல் நான் வரைந்த முதல் கேலிச்சித்திரமே அவர்தான்.

குட்டிக்குப் பல் முளைக்கிறது. எச்சில் அருவியாகக் கொட்டுகிறது. கழுத்தில் பிப், அதுதான் அந்த எச்சில் துணி, கட்டாமல் ஐந்து நிமிடம் விட முடியாது. ஒரு நாள் சும்மா இருக்காமல் வெள்ளைப் பிப் ஒன்றில் அவருடைய தாடையை மட்டும் வரைந்தேன். கண் இல்லை, மூக்கு இல்லை. தாடை, நடுவில் அந்தப் பள்ளம், கீழே தூக்கிவிட்ட சட்டைக் காலர். கட்டிவிட்டால் மேலே குட்டியின் முகம், கீழே அவர் தாடை. அடியில் அவருடைய வசனம்: "கேட்டுட்டுத் தொடு!" போகிற வருகிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன எழுதுவது?

தெருமுனையில் குழந்தை உடைகள் விற்கும் கடைக்கார அக்கா பார்த்துவிட்டார். "இதையே நாலு போட்டுக் குடும்மா" என்றார். பிறகு படம் எடுத்து எங்கெங்கோ போட்டார். யார் யாரோ கேட்டார்கள். அச்சடிக்கவே கொடுத்துவிட்டோம்.

இப்போது பதினோரு பக்க நோட்டீஸ். பயமுறுத்தும் இடங்களை மட்டும் படித்தேன். அவருடைய தோற்றத்தை அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்திவிட்டேனாம். எல்லாப் பிப்பையும் ஒப்படைக்க வேண்டுமாம். ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதில் ஏழாவது வரி: "இவரையோ வேறு எந்தப் பிரபலத்தையோ எக்காலத்திலும் எந்த வடிவிலும் வரைய மாட்டேன்." ஒரு மாதத்துக்குள் போடாவிட்டால் கோர்ட்.

வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நான் வரைவது பிரபலங்களைத்தான். அந்த ஒரு பக்கத்தில்தான் நான் இன்னும் நானாக இருக்கிறேன். மற்ற நேரம் முழுக்கக் குட்டியின் அம்மா. இதில் கையெழுத்துப் போட்டால் அந்தப் பக்கமும் போய்விடும். என்ன செய்வது, சொல்லேன். நீயும் வக்கீல்தானே. புது சீனியரிடம் சேர்ந்திருக்கிறாயே, அவரிடமாவது கேட்டுச் சொல். அவர் பெயரைக்கூட எனக்குச் சொல்லவில்லை நீ.

இதோடு ஒரு பிப் வைத்திருக்கிறேன். வழக்கம்போல ஊக்கு எங்கே என்று கண்டுபிடி. கல்லூரிப் பேச்சுப் போட்டியன்று மேடை ஏறும் நேரத்தில் உன் பாவாடைக் கொக்கி அறுந்து, நான் சேஃப்டி பின் குத்தி உன்னைத் தள்ளிவிட்டேனே, அன்றிலிருந்து நான் வரையும் ஒவ்வொரு முகத்திலும் உனக்காக ஓர் ஊக்கை ஒளித்து வைக்கிறேன். இதில் கொஞ்சம் கஷ்டமாகவே வைத்திருக்கிறேன்.

உடனே எழுது. சாப்பாடு இறங்கவில்லை.

உன்
கோணல்


ஜனவரி 14

அன்புள்ள கோணலுக்கு,

உன் கடிதம் வந்தது. குட்டிக்குப் பல் முளைப்பது கேட்டுச் சந்தோஷம். ஈறு வலிக்கும், அதனால் நச்சரிப்பாள். உன்னைப் போல.

முதல் பாயின்ட்: பிப் விற்பதை இன்றோடு நிறுத்து. கடைக்கார அக்காவிடமும் சொல்லி, ஆன்லைனில் இருப்பதை எடுக்கச் சொல்.

இரண்டாவது: சட்டம் உன் தொழிலுக்கு எதிரி இல்லை. ஒரு பெரிய மனிதரைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, பத்திரிகையில் அவர் மூக்கை நீட்டி வரைவது ஒன்று. அதே மூக்கைக் கோப்பையிலும் துணியிலும் போட்டு, அந்த மூக்குக்காகவே ஆட்கள் வாங்கும்படி விற்பது வேறொன்று. முதலாவது கருத்து, இரண்டாவது சரக்கு. கோடு எங்கே விழுகிறது என்பது இடத்துக்கு இடம், வழக்குக்கு வழக்கு மாறும். ஆனால் நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று உனக்கே தெரியும்.

மூன்றாவது: நோட்டீஸின் நகலை எனக்கு அனுப்பாதே. என்னிடம் அதைப் பற்றி எதுவும் கேட்காதே. வேறொரு வக்கீலைப் பார். காரணம் கேட்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
பாயின்ட்


ஜனவரி 19

பாயின்ட் மகாராணியின் சமூகத்துக்கு,

நான் தண்ணீரில் தத்தளித்துக்கொண்டு கையை நீட்டினால், நீ கரையில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறாய். "வேறொரு வக்கீலைப் பார்." ஏன், நீ படித்தது சமையலா? இரண்டாம் வருஷம் முழுக்க உன் குறிப்புகளை யார் உட்கார்ந்து நகல் எடுத்தது?

இவரிடம் யோசனை கேட்டேன். அதற்கு நான் உன்னைத்தான் திட்ட வேண்டும். நீ சொல்லியிருந்தால் இவரிடம் போயிருக்க மாட்டேன்.

"தாடையில அந்தப் பள்ளத்த மட்டும் எடுத்துட்டா?" என்றார்.

"பள்ளத்த எடுத்துட்டா அது யாரு தாடை?"

"யாரோடதோ."

"யாரோடதோ தாடைய யாருங்க வாங்குவா?"

துவைத்த பிப்பை உதறிக் கொடியில் போட்டார். "அப்ப அவங்க சொல்றது சரிதானே?" என்றார்.

அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. சரியாகச் சொல்லிவிட்டார் என்ற எரிச்சல்தான். அந்தத் தாடை அவருடையது, எனக்குத் தெரியும். பிப்பைக் கொடுத்துவிடுகிறேன், அது என் தப்பு. ஆனால் அந்த ஏழாவது வரி? நான் இனி ஒரு மந்திரியின் காதை, ஒரு பாடகியின் கொண்டையைத் தொடக்கூடாதா? பத்திரிகை ஆசிரியரிடம் என்ன சொல்வது? பூனை வரையட்டுமா?

ஆத்திரத்தில் இன்று நோட்டீஸை முதல் வரியிலிருந்து படித்தேன், மடியில் அகராதியோடு. குட்டி மூன்றாம் பக்கத்தின் ஓரத்தைத் தின்றுவிட்டாள். நான்காவது பத்தியைக் கேள், சிரிப்பாய்: "மேலும், சட்டைக் காலரின் உள்மடிப்பில் ஓர் ஊக்கு வரையப்பட்டுள்ளது. எமது கட்சிக்காரர் கிழிந்த உடையை ஊக்கு குத்தி மறைத்து அணிபவர் என்ற பொருள்பட, அவரது மதிப்பைக் குறைக்கும் நோக்கத்துடன்"

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். குட்டி அழுதாள், போய்த் தூக்கினேன், தூங்கவைத்தேன். திரும்ப வந்து உட்கார்ந்து அந்தப் பத்தியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஊக்கு ஓர் அரிசி அளவு. காலர் நிழலுக்குள், நிழலின் நிறத்திலேயே போட்டது. கடைக்கார அக்கா பார்க்கவில்லை. அச்சடித்தவர் பார்க்கவில்லை. தினமும் அதைத் துவைக்கும் இவர் பார்க்கவில்லை. பதினோரு பக்கம் எழுதின ஒரு பெரிய ஆபீஸ் மட்டும் எப்படிப் பார்த்தது?

அதைத் தேடத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான்.

உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஊக்கைக் கண்டுபிடித்தாயா இல்லையா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை நீ.

எந்த சீனியரிடம் சேர்ந்திருக்கிறாய்?


ஜனவரி 24

கோணல்,

நோட்டீஸ் அனுப்பியவரிடம்தான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பாயின்ட் போடாமல் எழுத எனக்கு வராது, இன்று முயற்சி செய்கிறேன்.

டிசம்பர் கடைசியில் ஃபைல் என் மேஜைக்கு வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பிப். உன் கோடு எனக்குத் தெரியாதா? உறையைப் பிரிப்பதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. அடுத்த வேலையாக நான் செய்ய வேண்டியது, எழுந்து போய், "சார், இது என் சினேகிதி. இந்த ஃபைல் எனக்கு வேண்டாம்" என்று சொல்வது. நான் செய்தது, ஊக்கைத் தேடியது. பழக்கம். கை தானாக உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தது. காலருக்குள் கண்டுபிடித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

சீனியர் கதவருகில் நின்றிருந்தார். "என்னம்மா சிரிப்பு?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு சிரிப்பு? குடு இங்க."

பூதக்கண்ணாடியை எடுத்தார். அவருக்கு அந்தக் கண்ணாடியை எடுக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும். "அட, பின்னு! நம்ம ஆளு கிழிஞ்ச சட்டைய பின்னு குத்திப் போட்டுக்கிறார்னு நக்கலா? நல்லா இருக்கே! நாலாவது பாரா, எழுதிக்கோ."

அவர் சொன்னார். நான் டைப் செய்தேன். நான்காவது பத்தியும் நான், ஏழாவது வரியும் நான். உறையில் உன் விலாசத்தை ஃபைலைப் பார்த்து அடிக்கவில்லை. எனக்கு மனப்பாடம்.

அன்று சாயங்காலம் உனக்கு போன் செய்ய எடுத்தேன். சொன்னால் கட்சிக்காரருக்குத் துரோகம். சொல்லாவிட்டால் உனக்கு. சீனியரிடம் சொன்னால் வேலை போகும் என்று பயம். மூன்று வாசல் ஏறி இறங்கிக் கிடைத்த இடம் இது. போனை வைத்துவிட்டேன். பயந்தேன் என்பதைத் தவிர எனக்கு வாதம் எதுவும் இல்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் அவரிடம் சொன்னேன். அரை மணி நேரம் திட்டினார். "ஊக்கு குத்தினவ யாருன்னு தெரிஞ்சுக்கிட்டேவா டைப் அடிச்ச?" என்றார். வேலை போகவில்லை. உன் ஃபைல் இப்போது என்னிடம் இல்லை. வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நல்ல வக்கீலாகப் பார். உறுதிமொழியின் ஏழாவது வரியைப் பற்றி நான் உனக்கு எதுவும் சொல்லக்கூடாது. சொல்லவில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பாயின்ட்


பிப்ரவரி 3

வக்கீல் அவர்களுக்கு,

திட்டி எழுதச் சொன்னாய். நான்கு தாள் எழுதினேன். நல்ல கெட்ட வார்த்தைகள். அவற்றின் மேலே குட்டி பாலைக் கவிழ்த்துவிட்டாள். இரண்டாம் தடவை எழுத அலுப்பாக இருந்தது. ஆகவே செய்தி மட்டும்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். ஏழாவது வரியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "துணியில போட்டு வித்தது தப்பு, குடுத்துடு. இது என்ன, கையையே வெட்டிக் குடுன்னு கேக்குறாங்க?" என்று சிவப்பு மையால் அடித்தார். உன் சீனியர் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டாராம். பிப் கிடையாது, வசனம் கிடையாது, அந்தத் தாடையை வைத்து எந்தச் சரக்கும் கிடையாது. பத்திரிகையில் வரைவதில் தலையிட மாட்டார்கள். கடைசிப் பக்கம் பிழைத்தது.

நேற்று உன் ஆபீசுக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியும்.

இடுப்பில் குட்டி, கையில் பிப் மூட்டை. உங்கள் குமாஸ்தா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு குட்டியைப் பார்த்தார். "மேடம், அது?"

அவள் கழுத்திலும் ஒன்று. நான் முதல் முதலாகக் கையால் வரைந்தது. மறந்தே போய்க் கட்டிவந்திருக்கிறேன்.

"இது விக்கிறதுக்கு இல்லைங்க. இவளோடது."

"படம் அதேதானே மேடம்?"

அவிழ்த்துக் கொடுத்தேன். எச்சில் சொட்டச் சொட்ட. அவர் இரண்டு விரலால் பிடித்து உறைக்குள் போட்டார். குட்டி உதட்டைப் பிதுக்கினாள், ஆனால் அழவில்லை. நான்தான் அழாமல் இருக்கக் கஷ்டப்பட்டேன். நீ ஜெராக்ஸ் மெஷின் பக்கம் நின்றிருந்தாய். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தாள் எதுவும் வைக்காமலே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாய். கறுப்புக் கறுப்பாகத் தாள் வந்து விழுந்தது. நீ திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை. நீ பயந்ததுகூட எனக்குப் புரிகிறது, பாயின்ட். பயத்தில் நான் உனக்குக் குறைந்தவள் இல்லை. ஆனால் நம் இரண்டு பேருக்கு மட்டும் என்று இருந்த ஒரே விஷயத்தை நான்காவது பத்தியாக்கி, தபாலில் எனக்கே அனுப்பினாயே.

இனி வேலை. இந்த வாரக் கடைசிப் பக்கத்துக்கு ஆசிரியர் கொடுத்திருக்கும் தலைப்பு "கறுப்புக் கோட்டு". வக்கீல் கோட்டை வரைந்து முடித்ததும் கை தானாக உன் முகத்தை வரைந்துவிட்டது. மாற்றிப் பார்த்தேன், வரவில்லை. நீ பிரபலம் இல்லை. ஆனாலும் வக்கீலம்மா, "யாரு மூஞ்சியா இருந்தாலும் இனிமே எழுதி வாங்கிடு" என்றிருக்கிறார். சம்மதப் படிவம் இரண்டு தாள், படத்தின் நகல் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். சம்மதமானால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இல்லையென்றால் பூனை வரைந்துகொள்கிறேன்.

படத்தில் ஊக்கைத் தேடாதே. வைக்கவில்லை.

இப்படிக்கு,
படம் வரைபவர்


பிப்ரவரி 8

அன்புள்ள கோணலுக்கு,

தேடினேன்.

கோட்டின் காலர், பொத்தான் துளை, கைக்குட்டை, மூக்குக் கண்ணாடியின் கம்பி, கையிலிருக்கும் ஃபைலின் நாடா. காதுக்குள்கூடத் தேடினேன். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தும் பார்த்தேன். வைக்கவில்லை என்று நீ சொன்னால் வைத்திருக்க மாட்டாய். தெரிந்துதான் தேடினேன்.

சம்மதப் படிவத்தைப் படித்தேன். இரண்டாம் தாளில் "எக்காலத்துக்கும்" என்று இருக்கிறது. எவர் கேட்டாலும் அதில் கையெழுத்துப் போடாதே என்றுதான் நான் சொல்வேன். போட்டுவிட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை: மூக்கு. என் மூக்கு இவ்வளவு நீளமா? கொஞ்சம் குறைக்க முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை.

மூன்று தாளையும் பிரிந்துவிடாமல் சேர்த்துக் குத்தியிருக்கிறேன். எங்கள் ஆபீசில் ஸ்டேப்ளர் இருக்கிறது. கடைக்குப் போய் இதை வாங்கினேன்.

பாயின்ட்


பிப்ரவரி 12

அடி மடச்சி பாயின்ட்டுக்கு,

உனக்கு மூளை என்று ஒன்று இருக்கிறதா? தவழ்கிற குழந்தை இருக்கும் வீட்டுக்கு எவளாவது கவருக்குள் சேஃப்டி பின் வைத்து அனுப்புவாளா? சட்டம் படித்தால் இதெல்லாம் சொல்லித்தர மாட்டார்களா?

நடந்ததைக் கேள். கவரைப் பிரித்து, கடிதத்தைப் படித்து, மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். ஏன் முகம் கழுவினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்தால் தாள் மூன்றும் தரையில் தனித்தனியாகக் கிடக்கின்றன. குட்டி நடுவில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறாள். ஊக்கு இல்லை.

"காணோம்! காணோம்! முழுங்கிட்டா!" என்று கத்தினேன். அவள் வாய்க்குள் விரலை விட்டேன், புதுப் பல்லால் கடித்தாள். நீ கையெழுத்துப் போட்ட தாளின் ஒரு துண்டுதான் வந்தது. இவர் ஓடி வந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு முட்டி போட்டுச் சோபாவுக்கு அடியில் புகுந்தார். எதைத் தேடுகிறோம் என்று கேட்கக்கூட இல்லை. நான் செருப்பை மாட்டி, பையை எடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன்.

"எது காணோம்னாவது சொல்லேன்!" என்று சோபாவுக்கு அடியிலிருந்து கேட்டார்.

"பின்னுங்க! பின்னு!"

வெளியே வந்தார். தலையில் ஒட்டடை. "இதா?"

சட்டையில் மேல் பொத்தான் போய்விட்டதாம். மேஜையில் பேப்பரில் சும்மா குத்தியிருந்ததாம். எடுத்துக் காலருக்குக் கீழே மாட்டிக்கொண்டாராம். தாள்களை மட்டும்தான் குட்டி இழுத்திருக்கிறாள்.

செருப்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. குட்டி என்னைப் பார்த்துக் கை தட்டினாள். "கிழிந்த உடையை ஊக்கு குத்தி மறைத்து அணிபவர்" என்று இவரைப் பார்த்துச் சொன்னேன். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. உன்னைத் தவிர யாருக்கும் புரியாது.

அந்த எரிச்சல்தான் பெரிய எரிச்சல். இதைச் சொல்ல உன்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவ்வப்போது வரும். வந்தால் எழுதுவேன், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இனி தாள்களுக்கு ஸ்டேப்ளர் போடு.

உன் சம்மதப் பத்திரம் சேர்ந்தது, ஓரம் தின்னப்பட்ட நிலையில். செல்லும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். படத்தை இன்று காலை அச்சுக்கு அனுப்பினேன். மூக்கைக் குறைக்கவில்லை. அது உன் மூக்கு, நான் என்ன செய்ய? அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு சின்னத் திருத்தம் மட்டும் செய்தேன்.

எங்கே என்று சொல்ல மாட்டேன். உன் சீனியரின் பூதக்கண்ணாடி தேவைப்படும். கேட்டு வாங்கு.

கோணல்